தர்மம் போடுவது வேறு, தர்மம் வேறு



நம்ம பேச்சில் ஒரு சொல்லுக்கு என்ன ஆகிவிட்டது என்று கவனித்திருக்கிறீர்களா? ‘தர்மம்’ என்ற சொல்லைத்தான் சொல்கிறேன். சமய வகுப்பில் அதற்குப் பெரிய பொருள் சொல்லித் தருகிறார்கள். உலகத்தைத் தாங்கி நிற்கும் ஒழுங்கு, ஒருவர் இன்னொருவருக்குச் செய்தே ஆக வேண்டிய கடமை, நீதி என்றெல்லாம் படிக்கிறோம். வகுப்பு முடிந்து கோயில் வாசலுக்கு வந்தால், “ஐயா, தர்மம் போடுங்க” என்று ஒரு குரல் கேட்கிறது. அங்கே அதே சொல்லுக்குப் பொருள் ஒரு ரிங்கிட் நோட்டு.

இரண்டும் ஒன்றா? கடமையைச் செய்யாவிட்டால் அது தவறு. ஏன் செய்யவில்லை என்று எதிரில் இருப்பவர் கேட்கலாம். தானம் அப்படி இல்லை. கொடுத்தால் புண்ணியம், கொடுக்காவிட்டால் யாரும் நம்மைக் கேள்வி கேட்க முடியாது. வாங்குகிறவர் தலை குனிந்துதான் வாங்க வேண்டும்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். உடற்குறை உள்ளவர்களுக்கு இந்தச் சமுதாயம் ஏதாவது செய்கிறது என்றால், அது எந்த தர்மம்? போடுகிற தர்மமா, கடமையான தர்மமா?

இந்தக் கேள்விக்காகவே வாழ்நாள் முழுவதும் போராடிய ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் இந்து இல்லை, நம் நாட்டவரும் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு நாமும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூடப்பட்ட பள்ளிக் கதவு

ஜூடித் ஹியூமன் 1947 டிசம்பர் 18-ஆம் நாள் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். வளர்ந்தது நியூயார்க்கின் புரூக்ளினில். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர்கள். நாஜிகளிடம் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்கள். ஜூடிக்கு 18 மாதம் இருக்கும்போது போலியோ தாக்கியது. அதன் பிறகு சக்கர நாற்காலிதான். குழந்தையை ஒரு விடுதியில் சேர்த்துவிடுங்கள் என்று ஒரு மருத்துவர் ஆலோசனை சொன்னார். பெற்றோர் கேட்கவில்லை.

ஐந்து வயதில் அம்மா அவரைப் பக்கத்துப் பள்ளிக்கு அழைத்துப் போனார். தலைமையாசிரியர் சேர்க்க மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணம், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை இருந்தால் தீ விபத்து நேரத்தில் ஆபத்தாம். அதனால் ஒரு ஆசிரியர் வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுத்தார். எவ்வளவு நேரம் தெரியுமா? வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். மற்ற பிள்ளைகள் அரை நாளில் படிப்பது அவருக்கு ஒரு வாரப் படிப்பு. ஒன்பது வயதில்தான் பள்ளிக்குள் நுழைய முடிந்தது. அதுவும் உடற்குறை உள்ள பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய தனி வகுப்பில்.

தீ விபத்து என்ற அந்தக் காரணம் கேட்பதற்கு அக்கறை மாதிரியே இருக்கிறது, இல்லையா? குழந்தையின் பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறோம் என்று தோன்றும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு கட்டடத்திலிருந்து ஒரு குழந்தையால் வெளியே வர முடியாது என்றால் குறை கட்டடத்தில் இருக்கிறது. அந்தக் குறையைத் தூக்கிக் குழந்தை தலையில் வைத்துவிட்டார்கள்.

பதினேழு ஆண்டு கழித்து அதே காரணம் மறுபடியும் வந்தது. ஜூடி பட்டம் பெற்று, ஆசிரியர் உரிமத்துக்கு விண்ணப்பித்தார். எழுத்துத் தேர்வில் தேறினார், வாய்மொழித் தேர்விலும் தேறினார். மருத்துவப் பரிசோதனையில் தோல்வி. கழிவறைக்கு எப்படிப் போவீர்கள் என்று செய்து காட்டச் சொன்னாராம் அந்த மருத்துவர். 1970-ல் நியூயார்க் கல்வி வாரியம் உரிமத்தை மறுத்தது. கால்கள் இயங்காதவர், தீ விபத்து நேர்ந்தால் பிள்ளைகளையும் தன்னையும் வெளியே கொண்டுவர முடியாது என்றது.

ஜூடி வழக்குப் போட்டார். போலியோவால் கால் இயங்காதவர் அமெரிக்க அதிபராகலாம், ஆசிரியராகக் கூடாதோ என்ற பொருளில் ஒரு நாளிதழ் தலைப்பே போட்டது. ஏனென்றால் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கும் போலியோதான். வழக்கைக் கையில் எடுத்தவர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி, அமெரிக்காவின் கூட்டரசு நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் நீதிபதி. வழக்கு எந்தத் திசையில் போகிறது என்று வாரியத்துக்குப் புரிந்தது. சமரசத்துக்கு வந்தது. நியூயார்க் பள்ளிகளில் சக்கர நாற்காலியில் இருந்து பாடம் நடத்திய முதல் ஆசிரியரானார் ஜூடி.

அந்த நாட்களில் அவருக்குக் கடிதங்கள் குவிந்தன. எனக்கும் இதே கதைதான் என்று பலர் எழுதினார்கள். 1970-லேயே நண்பர்களோடு சேர்ந்து ‘டிசேபிள்ட் இன் ஆக்‌ஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். நன்கொடை திரட்டுவது அதன் வேலை இல்லை. உரிமை கேட்பதுதான் வேலை.

ஒரு வாக்கியம், நான்கு வாரம்

1973-ல் அமெரிக்காவில் மறுவாழ்வுச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. அதற்கு முன் அதிபர் நிக்சன் அதை ஒப்பமிடாமல் திருப்பி அனுப்பினார். அப்போது ஜூடியும் நண்பர்களும் நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் நடுச்சாலையில் அமர்ந்து வாகனங்களை மறித்தார்கள். அந்தச் சட்டத்தில் 504 என்று ஒரு பிரிவு. ஒரே ஒரு வாக்கியம்தான். அரசாங்கப் பணம் வாங்கும் எந்தத் திட்டத்திலும், உடற்குறையைக் காரணம் காட்டி ஒருவரை விலக்கக் கூடாது என்பது அதன் சாரம். பள்ளி, பல்கலைக்கழகம், மருத்துவமனை, பேருந்து எல்லாமே அரசாங்கப் பணம் வாங்குகிறவைதான். அப்படியென்றால் அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால்தான் அது நகரவே இல்லை. சட்டம் நடைமுறைக்கு வர விதிமுறைகள் வேண்டும்; அமைச்சு ஒப்பமிட வேண்டும். கிட்டத்தட்ட நான்கு ஆண்டு இழுத்தடித்தார்கள். செலவு கூடும் என்ற பேச்சு வேறு. 1977-ல் பொறுப்புக்கு வந்த அமைச்சர் ஜோசப் கலிஃபானோவும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார்.

1977 ஏப்ரல் 5. பல நகரங்களில் அந்த அமைச்சின் அலுவலகங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் போனார்கள். மற்ற இடங்களில் போராட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் மட்டும் 150 பேர் அளவில் உள்ளேயே தங்கிவிட்டார்கள். ஜூடி, கிட்டி கோன் போன்றவர்கள் முன்நின்றார்கள். கிட்டத்தட்ட நான்கு வாரம்!

நமக்கு நான்கு வாரம் தரையில் படுப்பது கஷ்டம், அவ்வளவுதான். அவர்களில் பலருக்கு அது உயிர்ப் பிரச்சினை. இரவில் தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவர்கள் இருந்தார்கள். யாராவது வந்து புரட்டிவிடாவிட்டால் உடம்பில் புண் வரும். குளிரில் வைக்க வேண்டிய மருந்து எடுப்பவர்கள் இருந்தார்கள். குளிர்ப்பெட்டி இல்லை, குளிர்சாதனக் கருவியோடு ஒரு பெட்டியை ஒட்டி அதில் மருந்தை வைத்தார்கள். அதிகாரிகள் தொலைபேசியைத் துண்டித்தபோது, காது கேளாதவர்கள் சன்னல் அருகே நின்று, வெளியே இருந்தவர்களோடு சைகை மொழியில் பேசிச் செய்தி அனுப்பினார்கள். அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு யாருக்குத் ‘திறன் குறைவு’ என்று நினைக்கிறீர்கள்?

உணவு? கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் அமைப்பினர் சுடச்சுடச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களுடைய உறுப்பினர் பிராட் லோமாக்ஸ் நரம்பு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர். அவரும் உள்ளே இருந்தார். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் அதுவும் அன்னதானம்தான். ஆனால் பாவம் பார்த்துப் போட்ட சோறு இல்லை. போராட்டத்தில் பங்கு எடுத்துக்கொண்டு போட்ட சோறு.

அந்தக் கட்டடத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒரு விசாரணை நடத்தினார்கள். அமைச்சின் சார்பில் ஒரு அதிகாரி வந்திருந்தார். ஜூடி பேசும்போது குரல் உடைந்தது. அந்த அதிகாரி ஆமாம் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஜூடி பேச்சை நிறுத்திச் சொன்னார்: நாங்கள் சொல்வது உங்களுக்குப் புரியவில்லை என்றே நினைக்கிறேன், புரியாமல் தலையாட்டுவதை நிறுத்தினால் நன்றாக இருக்கும்.

இந்த இடத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த அதிகாரி ஏசவில்லை, கேலி செய்யவில்லை, இரக்கத்தைக் காட்டினார். ஜூடி கேட்டது இரக்கம் இல்லை, கையெழுத்து.

ஏப்ரல் 28-ஆம் நாள் கலிஃபானோ கையெழுத்துப் போட்டார். அன்று கிடைத்தது பிறகு 1990-ல் வந்த பெரிய சட்டத்துக்கு, அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு, அடித்தளம் ஆனது. ஜூடி பின்னாளில் அமெரிக்கக் கல்வித் துறையில் துணை அமைச்சர் நிலைப் பதவியிலும், உலக வங்கியிலும், வெளியுறவுத் துறையிலும் இதே வேலையைத் தொடர்ந்தார். 2023 மார்ச் 4-ல், 75 வயதில் காலமானார்.

நன்றி சொல்ல வேண்டுமா?

ஜூடி ஒருமுறை ஒரு கேள்வி கேட்டார். சக்கர நாற்காலி போகிற மாதிரி ஒரு கழிவறை இருப்பதற்கெல்லாம் நான் நன்றியோடு இருக்க வேண்டும் என்றால், நான் எப்போதுதான் மற்றவர்களுக்குச் சமமாவேன்?

முதலில் கேட்கும்போது நமக்குச் சுருக்கென்று இருக்கும். நம்ம சமயமும் தமிழும் நன்றியை எவ்வளவு உயர்வாகச் சொல்கின்றன! செய்து கொடுத்தவருக்கு நன்றி சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பொறியியல் படிக்கிறவன் என்ற முறையில் இதற்கு ஒரு பதில் தோன்றுகிறது. மாடியில் ஒரு மண்டபம் இருக்கிறது, தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கட்டு இல்லாவிட்டால் நீங்களும் போக முடியாது, நானும் போக முடியாது. நான்கு மீட்டர் எகிறிக் குதிக்க யாராலும் முடியாது. அந்த வகையில் நாம் எல்லோருமே இயலாதவர்கள்தான். அதனால் கட்டும்போதே நமக்காகப் படிக்கட்டு வைத்தார்கள். அதற்குக் காசு செலவானது, இடம் செலவானது. யாராவது அதை ‘நடக்கிறவர்களுக்கான சிறப்பு உதவி’ என்று சொல்கிறார்களா? படி ஏறும் ஒவ்வொரு தடவையும் நிர்வாகத்துக்கு நன்றி சொல்கிறோமா? படிக்கட்டு இருப்பது நியாயம், இல்லாவிட்டால் கட்டடமே தப்பு என்று நினைக்கிறோம்.

அப்படியானால் அதே மண்டபத்துக்கு லிஃப்ட்டும் சாய்வுப் பாதையும் மட்டும் எப்படி உதவியாக, கருணையாக, உபயமாக ஆகிவிடுகிறது? கூட்டத்தில் அதிகம் பேருக்குத் தேவையானது கடமை, கொஞ்சம் பேருக்குத் தேவையானது தர்மம் என்று ஒரு கோடு போட்டுவிட்டோம். எந்த சாஸ்திரமும் அந்தக் கோட்டைப் போடவில்லை. நாம்தான் போட்டோம்.

நன்றி வேண்டாம் என்று ஜூடி சொல்லவில்லை. சமமானவர்கள் ஒருவருக்கொருவர் மனம் நிறைந்து சொல்கிற நன்றி அழகு. உள்ளே நுழைவதற்கே வாடகை மாதிரி வாங்குகிற நன்றியைத்தான் அவர் மறுத்தார்.

முன்வினை என்று ஒரு பதில்

நம்மிடம் இன்னொரு பதில் தயாராக இருக்கும். “அது அவங்க கர்மா.” வெளிப்படையாகச் சொல்லாதவர்கள்கூட மனசுக்குள் நினைப்பார்கள். ஔவையார் பெயரில் வழங்கும் ஒரு பாடல்கூட மானிடப் பிறவியே அரிது, அதிலும் உடற்குறை இல்லாமல் பிறப்பது அரிது என்று சொல்கிறது. சின்ன வயதில் ஒப்பித்த பாடல். ஒரு பார்வையற்ற பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்து அதை ஒப்பித்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

நான் வினைக் கொள்கையை மறுக்க வரவில்லை. அதை ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன். வினைக் கொள்கை என் செயலுக்கு என்னைப் பொறுப்பாக்குகிறது. அடுத்தவர் கணக்கைத் திறந்து படிக்கும் அதிகாரத்தை அது எனக்குத் தரவில்லை. ஒருவர் ஏன் நடக்க முடியாமல் பிறந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அவர் வரும் வழியில் மூன்று படி இருப்பது யார் வினை? கட்டியவர்கள் வினை. தெரிந்த பிறகும் அப்படியே விட்டால் நம் வினை.

நம் புராணங்களே இந்த அவசரத் தீர்ப்பை ஏற்பதில்லை. அஷ்டவக்கிரர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு இடத்தில் கோணிய உடல். அது அவர் செய்த பாவமா? இல்லை. கருவில் இருக்கும்போதே அப்பா வேதம் ஓதியதில் பிழை சொன்னாராம். கோபத்தில் அப்பா சபித்தார் என்கிறது மகாபாரதம். பெரியவர் ஒருவரின் ஆத்திரம் பிள்ளையின் உடம்பில் இறங்கியது. அந்தப் பிள்ளையைப் பார்த்து முன்வினை என்று சொன்னால் அந்தக் கதையையே நாம் ஒழுங்காகப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

தண்டியடிகளின் கயிறு

அறுபத்து மூவரில் தண்டியடிகள் நாயனார் கதையை எல்லோரும் கேட்டிருப்போம். திருவாரூர்க்காரர். பிறவியிலேயே பார்வை இல்லை. கோயில் குளம் தூர்ந்து குறுகிப்போனதைக் கேள்விப்பட்டு, தானே தோண்டிப் பெரிதாக்க முடிவு செய்கிறார். எப்படிச் செய்தார்? குளத்துக்குள் ஒரு கம்பு நட்டார், கரையில் ஒரு கம்பு நட்டார், இரண்டுக்கும் நடுவில் கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண் வெட்டினார். கூடையில் அள்ளிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடியே கரையேறிக் கொட்டினார்.

நாம் இந்தக் கதையைச் சொல்லும்போது நேராகக் கடைசிக்கு ஓடிவிடுவோம். இறைவன் அருளால் கண் தெரிந்தது, அதிசயம் நடந்தது என்று முடிப்போம். ஆனால் சேக்கிழார் அந்தக் கம்பையும் கயிற்றையும் விடாமல் சொல்லி வைத்திருக்கிறார். அதிசயம் நடப்பதற்கு முன்பே அடியார் வேலையை ஆரம்பித்துவிட்டார். கயிறு இருக்கும்வரை அவருடைய தொண்டுக்குப் பார்வை தேவைப்படவில்லை. எதிர்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். முதலில் கேலி பேசினார்கள், அவர் நிறுத்தவில்லை. பிறகு மண்வெட்டியையும் கூடையையும் பிடுங்கினார்கள், கம்பையும் கயிற்றையும் அறுத்தெறிந்தார்கள். அப்போதுதான் வேலை நின்றது. பார்வை இல்லாதது அவரை நிறுத்தவில்லை. கயிறு போனது நிறுத்தியது.

ஜூடித் ஹியூமன் வாழ்நாளெல்லாம் சொன்னதும் இதைத்தான். அவர் பெரியபுராணம் படித்திருக்க மாட்டார். ஆனால் என்னைக் குணப்படுத்துங்கள் என்று அவர் யாரிடமும் கெஞ்சவில்லை. கயிற்றைக் கட்டுங்கள், கட்டிய கயிற்றை அறுக்காதீர்கள் என்றார்.

நம்ம வீட்டுப் பக்கம்

இது அமெரிக்காக் கதை, நமக்கென்ன என்று நினைத்துவிட வேண்டாம். 1980-ல் கனடாவின் வின்னிபெக்கில் மறுவாழ்வுத் துறை நிபுணர்களின் உலக மாநாடு நடந்தது. எங்களைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் பாதிப் பேர் நாங்களாக இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் கேட்டார்கள்; மாநாடு ஏற்கவில்லை. அவர்கள் தனி உலக அமைப்பு தொடங்க முடிவு செய்தார்கள். அது முறையாகப் பிறந்த இடம் எது தெரியுமா? நம் பக்கத்துச் சிங்கப்பூர், 1981. அதன் முதல் தலைவர் சிங்கப்பூரைச் சேர்ந்த ரான் சந்திரன் டட்லி, இளவயதில் பார்வை இழந்தவர்.

மலேசியாவில் 2008-ல் உடற்பேறு குறைந்தோர் சட்டம் வந்தது. பொது வசதி, போக்குவரத்து, கல்வி, வேலை எல்லாவற்றிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த உரிமையை மதிக்காதவர்களுக்குத் தண்டனை என்று அதில் எதுவும் வைக்கவில்லை. அரசாங்கத்தின்மீது வழக்குப் போட முடியாதபடி ஒரு பிரிவும் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகிய காரணங்களால் பாகுபாடு கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் உடற்குறை சேர்க்கப்படவில்லை. கேட்க முடியாத உரிமை மறுபடியும் கோயில் வாசல் தர்மமாகத்தான் போய் முடியும். ஜூடி கேட்ட கையெழுத்து எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரியும்.

சட்டத்தை மாற்றுவது பெரிய வேலை. அதற்குக் குரல் கொடுப்போம். ஆனால் நம் கைக்கு எட்டும் இடம் ஒன்று இருக்கிறது: நம்ம கோயில், நம்ம மண்டபம், நம்ம இயக்கம்.

நம் இளையோர் இயக்கங்கள் தீபாவளி சமயத்தில் இல்லங்களுக்குப் போகும். அரிசி, பலகாரம், துணிமணி கொடுப்போம், பஜனை பாடுவோம், படம் எடுப்போம். நல்ல காரியம், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அதே இல்லத்துப் பிள்ளை ஒருவர் அடுத்த வாரம் நம்ம சமய வகுப்புக்கு வர நினைத்தால்? வகுப்பு முதல் மாடியில். திருமுறைப் போட்டிக்கு வர நினைத்தால்? மேடைக்கு ஐந்து படி. முகாமுக்கு வர நினைத்தால்? கழிவறைக் கதவு நாற்காலியைவிடக் குறுகல். நாம் அவர்களிடம் போகிறோம், அவர்கள் நம்மிடம் வர முடியவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் கொடுக்கிறோம், மீதி 364 நாள் கயிறு இல்லை.

செலவு ஆகுமே என்பார்கள். ஆகும். மறைக்கத் தேவையில்லை. ஒரு எளிய கணக்கு மட்டும் சொல்கிறேன். சாய்வுப் பாதைக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு 1:12. அதாவது ஒரு மடங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு மடங்கு நீளம். 15 சென்டிமீட்டர் படி ஒன்றுக்கு 1.8 மீட்டர் போதும். இரண்டு படிக்கு 3.6 மீட்டர், ஒரு கார் நிற்கும் இடம்கூட இல்லை. வரைபடத்தில் இருக்கும்போதே சேர்த்தால் சிமெண்டு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கட்டி முடித்துக் குடமுழுக்கும் ஆன பிறகு இடித்துச் செய்தால்தான் செலவு பெருகும். அதனால் கேட்க வேண்டிய நேரம் திருப்பணிக் கூட்டம்.

எல்லா இடத்திலும் முடியாது என்பதும் உண்மைதான். பத்துமலையின் 272 படிக்கு 1:12 கணக்கில் சாய்வுப் பாதை போட்டால் அது எங்கே போய் முடியும் என்று நீங்களே யோசியுங்கள். ஆகம விதிப்படி சில இடங்களைத் தொட முடியாது என்றும் சொல்வார்கள். சரி. ஆனால் மண்டபத்துக்கும், அன்னதானக் கூடத்துக்கும், கழிவறைக்கும், கார் நிறுத்தும் இடத்துக்கும் எந்த ஆகமம் தடை? முடியாத ஒன்றைக் காட்டி முடிந்த பத்தையும் செய்யாமல் இருப்பதுதான் தப்பு.

இன்னொன்று. கட்டியபின் பலன் யாருக்கு? சக்கர நாற்காலிக்காக அமெரிக்க நடைபாதைகளின் ஓரத்தைச் சரிவாக்கினார்கள். தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுபோகும் தாயும், சாமான் இழுத்துப்போகும் தொழிலாளியும் அதில்தான் போகிறார்கள். நம்ம மண்டபத்தில் ஒரு சாய்வுப் பாதை வந்தால் முட்டிவலி உள்ள நம்ம பாட்டிதான் முதல் ஆளாக அதில் வருவார். திருவிழா அன்று அரிசி மூட்டை தள்ளும் அண்ணனும் அதையே தேடுவார்.

என்ன செய்யலாம்?

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு மூன்று சின்ன வேலை.

ஒன்று, ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் கோயில் மண்டபத்துக்குப் போங்கள். வாசல் படி எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், கழிவறைக் கதவு எவ்வளவு அகலம் என்று எழுதுங்கள். அந்தத் தாளை நிர்வாகத்திடம் மரியாதையாகக் கொடுங்கள். “ஐயா, ஏதாவது செய்யணும்” என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டுவார்கள். “இந்த இரண்டு படிக்கு 3.6 மீட்டர் வேணும், இடம் இருக்கு” என்று சொன்னால் பேச்சு மாறும்.

இரண்டு, அதைச் செய்வதற்கு முன் பயன்படுத்தப் போகிறவரைக் கேளுங்கள். உங்கள் வட்டாரத்தில் சக்கர நாற்காலியில் இருப்பவர், பார்வையற்றவர், காது கேளாதவர் கட்டாயம் இருப்பார். கோயிலில் பார்த்திருக்க மாட்டோம்; அதனாலேயே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். கேட்காமல் கட்டினால் சாய்வுப் பாதையின் முடிவில் ஒரு பூந்தொட்டியை வைத்துவிடுவோம்.

மூன்று, இதுதான் முக்கியம். அவரைப் பொன்னாடை போர்த்த மட்டும் மேடைக்குக் கூப்பிடாதீர்கள். செயலவையில் ஒரு பொறுப்புக்குக் கூப்பிடுங்கள். கணக்குப் பார்க்க, வகுப்பு எடுக்க, நம்மோடு வாக்குவாதம் பண்ண. வின்னிபெக்கில் கேட்டதும் இதைத்தான், சான் ஃபிரான்சிஸ்கோவில் நான்கு வாரம் தரையில் படுத்துக் கேட்டதும் இதைத்தான்.

கருணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கருணை இல்லாவிட்டால் அளவு நாடாவை யாரும் கையில் எடுக்கவே மாட்டார்கள். ஆனால் அது அங்கேயே நின்றுவிட்டால், கொடுப்பவர் எப்போதும் மேலே, வாங்குபவர் எப்போதும் கீழே. உண்டியலில் போட்டு முடித்துவிடுகிற காரியமாக தர்மத்தை நம் முன்னோர் சொல்லவில்லை. ஒருவருக்கு உரியதை அவருக்குச் சேர்ப்பது என்றுதான் சொன்னார்கள்.

உங்கள் அடுத்த செயலவைக் கூட்டம் எந்த மாடியில் நடக்கிறது? முதலில் அதைப் பாருங்கள். பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.